வரகுக்கோழிக்கு யார் பெயர் வைத்தது?

களப்பயணத்துக்கு அனுமதி கேட்கும் படிவத்தில் ‘நோக்கம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. முன்பு நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில், முதன்முறை அந்தக் கட்டத்தில் ‘பறவை பார்த்தல்’ என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது. அடியில் ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தமிழ்த்துறைக்கும் பறவைக்கும் என்ன சம்பந்தம் என்பது அவர்களுடைய முதல் கேள்வி. பதினெட்டுப் பெண்பிள்ளைகள் காலை ஐந்தரை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பி, ஆளில்லாத இடத்தில் நின்று எதைப் பார்க்கப் போகிறார்கள் என்பது இரண்டாவது. கடைசியில் ‘சங்க இலக்கியத்தில் புள்ளினங்கள் – கள ஆய்வு’ என்று மாற்றி எழுதினேன். மறுநாளே கையெழுத்தானது. பி.எல். சாமியின் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ 1976இலேயே வந்துவிட்ட நூல். எங்கள் பாடத்திட்டத்தில் அது இல்லை. ஆனால் அனுமதிச் சீட்டாக உதவியது.

முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் பல வருடமாக எனக்குள் உறுத்திக்கொண்டிருக்கிறது. கரிசல் பக்கம் ‘காடு’ என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை, மானாவாரிப் புஞ்சைதான் காடு. விடிவதற்கு முன்பே தூக்குப்போணியும் களைவெட்டியுமாகக் காட்டுக்குப் போகிற பெண்ணை எங்கே, எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. தீப்பெட்டி ஆபீஸ் வேனுக்காக இருட்டில் ரோட்டோரம் நிற்கிற பெண்ணையும் கேட்பதில்லை. கையில் வேலை இருந்தால் எந்நேரமும் வெளியே போகலாம். வேலை ஒன்றும் இல்லாமல், ஒரு பறவையைப் பார்க்க மட்டும் வெளியே நிற்பதற்குத்தான் நோக்கம் எழுதித் தர வேண்டியிருக்கிறது.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். கோவில்பட்டியிலிருந்து குருமலைப் பக்கம் போயிருந்தோம். மழை பெய்து ஓய்ந்த கரிசல் மண் செருப்பில் அப்பி, எல்லோரும் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தோம். பதினெட்டுப் பேருக்கு மூன்று பைனாகுலர். மின்கம்பியில் உட்கார்ந்திருந்த கறுப்புப் பறவையை ஒரு மாணவி கைபேசிச் செயலியில் தேடிக் கண்டுபிடித்து, “இரட்டைவால் குருவி, மேம்” என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்து உளுந்தங்காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நிமிராமலே, “கருவாட்டுவாலி” என்றார்.

அப்புறம்தான் நிமிர்ந்தார். “அது நிக்கிற மரத்துல காக்கா அண்டாது தாயி. அதான் சின்னக் குருவியெல்லாம் அது பக்கத்துலயே கூடு கட்டும்.”

பறவையியல் நூல்களும் அதைத்தான் சொல்கின்றன. காகத்தையும் வல்லூறையும் துரத்தியடிக்கும் இந்தப் பறவையின் அண்டையில் புறாவும் மாங்குயிலும் கூடு வைக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பெரியம்மாவுக்கு அந்த நூல்கள் தேவைப்படவில்லை. வெட்டிப் பிளந்து காயவைத்த கருவாடு போன்ற வால் என்று பெயரிலேயே அடையாளத்தையும் வைத்திருக்கிறார்கள். செயலிக்காரப் பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். கிளம்பும்போது பெரியம்மா கேட்டார்: “இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தீக? சும்மா பாக்கவா?”

கேலி அதில் இல்லை. ‘சும்மா’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் இழுத்துச் சொன்னார்.

பறவையைச் சும்மா பார்ப்பது உலகத்துக்கே புதிய பழக்கம்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பறவையியல் என்றால் துப்பாக்கி. சுட வேண்டும், தோலுரிக்க வேண்டும், பஞ்சடைத்துச் சீட்டுக் கட்டி இழுப்பறையில் அடுக்க வேண்டும். காங்கிரஸ் தொடங்கிய கதையில் நமக்குத் தெரிந்த அதே ஏ.ஓ. ஹியூம், 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த இந்தியப் பறவைத் தோல்கள் மட்டும் 75,000க்கு மேல். துப்பாக்கியும் குதிரையும் வேலையாட்களும் உள்ளவர்கள் செய்த அறிவியல் அது. பெண்களுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை.

அந்த இடம் எங்கே திறந்தது என்று தேடிப் போனபோது, ஒரு பெண்கள் கல்லூரியில் போய் நின்றேன். அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் ஸ்மித் கல்லூரி. ஆண்டு 1886. அப்போது பணக்காரப் பெண்களின் தொப்பியில் பறவை இறகு செருகுவது நாகரிகம். சில தொப்பிகளில் முழுப் பறவையே உட்கார்ந்திருக்கும். அதே ஆண்டு ஃபிராங்க் சாப்மன் என்பவர் நியூயார்க் கடைத்தெருவில் நடந்து தொப்பிகளை எண்ணினார். 700 தொப்பிகளில் 542இல் இறகு. நாற்பது வகைப் பறவைகள். இறந்த பறவைகளை வைத்து நடத்திய பறவைக் கணக்கெடுப்பு என்று அதைச் சொல்லலாம். ஸ்மித் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஃபுளோரன்ஸ் மெரியம், தோழிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சங்கம் தொடங்கினார். தொப்பிக்கு எதிராகக் கூட்டம் போட்டுப் பேசுவதோடு நிறுத்தவில்லை. உயிரோடு இருக்கும் பறவையை ஒருமுறை நின்று பார்த்துவிட்டால் அப்புறம் அதைத் தலையில் செருக மனம் வராது என்று நினைத்தார். அதனால் விடியற்காலையில் மாணவிகளை வயலுக்கும் தோப்புக்கும் நடத்திக் கூட்டிப் போனார். எழுத்தாளர் ஜான் பரோஸ் வந்து சில நாள் அவர்களோடு நடந்தார். ஆளுக்கொரு வழிகாட்டி, கையில் நோட்டு, அதிகாலை, அமைதி என்று இன்று நாம் பறவை நடை என்று சொல்வதன் வடிவம் பெரும்பாலும் அங்கே இருந்தது.

1889இல் மெரியம் எழுதிய நூலின் பெயரே அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறது: ‘ஓபரா கண்ணாடி வழியே பறவைகள்’. நாடக அரங்கில் தூரத்து இருக்கையிலிருந்து மேடையைப் பார்ப்பதற்காகச் சீமாட்டிகள் கைப்பையில் வைத்திருந்த சின்னக் கண்ணாடி அது. பறவையைச் சுடாமல் அடையாளம் காணப் பொதுமக்களுக்குக் கற்றுத்தந்த முதல் கையேடுகளில் ஒன்றாக அந்த நூலைக் கருதுகிறார்கள். கல்லூரி மெரியமுக்குப் பட்டம் கொடுத்தது 1921இல். அதற்குள் அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

பெண்கள் மென்மையானவர்கள், அதனால் சுடவில்லை என்று சிலர் இதை விளக்குவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தொப்பியில் இறகு செருகியவர்களும் பெண்கள்தாம். அவர்களுக்குக் கிடைத்த கருவி கண்ணாடி. அதை வைத்து அவர்கள் ஒரு முறையை உண்டாக்கினார்கள், துப்பாக்கிக்காரர்கள் பின்னால் அந்த முறைக்கு வந்து சேர்ந்தார்கள். இங்கிலாந்திலும் 1889இல் எமிலி வில்லியம்சன் போன்ற பெண்களே இறகு வணிகத்துக்கு எதிரான சங்கத்தைத் தொடங்கினார்கள். கடலுக்கு இந்தப் பக்கம், இந்திய அரசு 1902இல் இறகு ஏற்றுமதியைத் தடை செய்தது.

இதைப் படித்துக் காட்டியபோது மாணவிகள் உற்சாகமானார்கள். ஒருத்தி மட்டும், “அவங்க எல்லாம் வெள்ளைக்காரங்க மேம். நம்ம ஊர்ல?” என்றாள். நியாயமான கேள்வி.

நம் ஊர் என்று தேடினாலும் முதலில் கிடைப்பவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள்தாம். ஏட்டில் பெயர் இருப்பது அவர்களுக்குத்தான். 1801இல் நீதிபதியின் மனைவியாகச் சென்னைக்கு வந்த எலிசபெத் குவில்லிம், ஆறு வருடம் இங்கே இருந்து, பறவைகளை நீர்வண்ணத்தில் வரைந்தார். பல படங்கள் பறவையின் உண்மையான அளவுக்கே வரையப்பட்டவை. பெரும்பாலும் உயிருள்ள பறவைகளை எதிரே வைத்து வரைந்திருக்கிறார். அதனால் கண்களில் உயிர் இருக்கிறது. 1807இல் இங்கேயே இறந்தார். படங்கள் நூறு வருடத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1924இல் லண்டனில் கேசி வுட் என்பவர் கையில் கிடைத்தன. இப்போது கனடாவில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 121 படங்கள் இருக்கின்றன. சேலத்தில் 1829இல் பிறந்து கோத்தகிரியில் வாழ்ந்த மார்கரெட் காக்பர்ன் இன்னொருவர். நீலகிரிப் பறவைகளை வரைந்தார், கூடுகளையும் முட்டைகளையும் குறித்து ஹியூமுக்கு எழுதி அனுப்பினார். ஹியூமின் கூடுகள் பற்றிய நூலில் ‘மிஸ் காக்பர்ன்’ என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

ஆனால் குவில்லிம் அம்மையாருக்கு அந்தப் பறவைகளை உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து, அவர் வரைந்து முடிக்கும்வரை நோகாமல் வைத்திருந்தவர்கள் சென்னையின் பறவை பிடிப்போர். அவர்கள் பெயர் படத்தின் மூலையில் இல்லை. நம் ஊரில் பறவை பிடித்தவர்களுக்குச் சமூகப் பெயரே குருவிக்காரர் என்றாகிவிட்டது. பறவையைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது நூலாக வரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அவர்களுடைய தொழில் குற்றமானது. பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பறவைகளைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஒரு கூட்டத்தாரின் அறிவை நூறு வருடம் வாங்கிக்கொண்டு அப்புறம் கதவைச் சாத்தியதைச் சொல்லாமல் பறவை வரலாறு எழுத முடியாது என்றுதான் சொல்கிறேன்.

வரகுக்கோழிக்கு வருகிறேன். ஆங்கிலேயர் காலத்துப் பறவை நூல்களில், ஒவ்வொரு பறவைக்கும் கீழே இந்துஸ்தானி, தெலுங்கு, தமிழ் என்று உள்ளூர்ப் பெயர்களை அடுக்கியிருப்பார்கள். 1862 முதல் 1864 வரை ‘இந்தியப் பறவைகள்’ நூலை வெளியிட்ட ஜெர்டன் இதில் கெட்டிக்காரர். அப்படிப் பதிவான தமிழ்ப் பெயர்களில் ஒன்று வரகுக்கோழி. கானமயிலின் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய பறவை. மழைக்காலத்தில் குஜராத், ராஜஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் இனப்பெருக்கம் செய்யும். ஆண்பறவை புல்லுக்கு மேலே ஆளுயரத்துக்கு எம்பி எம்பிக் குதித்துப் பெண்பறவையை அழைக்கும். அது முடிந்ததும் தெற்கே வரும். தெற்கே வந்தால் புல்லுக்குள்ளும் பயிருக்குள்ளும் ஒளிந்துதான் இருக்கும். இன்று உலக அளவில் மிக அருகிவிட்ட பறவை. 2021இல் அதை அழிவின் விளிம்பில் உள்ள பட்டியலுக்கு மாற்றினார்கள். என் மாணவிகள் யாரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. வரகு விளையும் காட்டைப் பார்த்தவர்களே எங்களில் குறைவு. பருத்தியும் உளுந்தும் இருந்த இடத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளம்.

வரகுக்காட்டுக்குள் பதுங்கியிருக்கும் பறவையை யார் முதலில் பார்த்திருப்பார்கள்? குதிரையில் போகிற துரை கண்ணில் அது படாது. ஏர் பிடிக்கும் காலத்தில் வரகு முளைத்திருக்காது. வரகு முழங்கால் உயரம் வளர்ந்த பிறகு அந்தக் காட்டுக்குள் நாளெல்லாம் குனிந்தபடி அடி அடியாக நகர்வது களை எடுக்கும் பெண்கள். காலடிக்குப் பக்கத்தில் அது படபடவென்று எழும்பியபோது திடுக்கிட்டு, ‘ஏ, வரகுக்கோழி’ என்று கத்தியவள் ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். துரை அவளிடம் கேட்டிருக்க மாட்டார். அவள் சொல்லி ஊரில் வழங்கிய சொல் யாரோ ஓர் ஆண் வாய் வழியே துரையின் நோட்டுக்குப் போயிருக்கும். ஆய்வேடாக இருந்தால் என் நெறியாளர் இந்தப் பத்தியை அடித்திருப்பார். களை எடுப்பும் கதிர் அறுப்பும் எந்தப் பாலின் வேலை என்பதும் ஒரு சான்று என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இதற்குச் சங்க இலக்கியம் துணைக்கு வரும். தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து கிளி விரட்டுகிற பெண்ணை நமக்கெல்லாம் தெரியும். தழல், தட்டை, குளிர் என்று அவள் கையிலிருந்த ஒலிக் கருவிகளின் பெயர்களைக்கூடக் குறிஞ்சிப்பாட்டு தருகிறது. ‘கிளி கடிதல்’ தலைவனைச் சந்திக்க வாய்ப்புத் தரும் ஒரு சூழல் என்று பத்து வருடம் பாடம் நடத்தியவள்தான் நானும். களவு, கூட்டம், தோழி கூற்று என்று எழுதிப்போட்டால் தேர்வுக்குப் போதும். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து கிளி இறங்கும், பால் பிடித்த கதிருக்கு வருமா முற்றிய கதிருக்கு வருமா, விரட்டினால் எங்கே போய் உட்காரும், எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பதெல்லாம் தெரியாமல் ஒருத்தியால் புனம் காக்க முடியாது. அவள் காதலிக்கிற நேரம் போக மிச்ச நேரமெல்லாம் பறவை பார்த்திருக்கிறாள். அவள் பார்த்தது விரட்டுவதற்காக. எங்கள் பக்கத்தில் கம்பங்கொல்லையில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு நின்ற சிறுமிகளும் அப்படித்தான் பார்த்தார்கள். பெரியம்மா இழுத்துச் சொன்ன ‘சும்மா’வின் பொருள் எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

சும்மா அலைவதற்கு ஆண்பிள்ளைகளுக்கு எப்போதும் அனுமதி இருந்தது. இடைசெவல்காரரான கி. ராஜநாராயணனின் ‘பிஞ்சுகள்’ குறுநாவலில் பறவை முட்டை தேடிக் கரிசல்காடெங்கும் அலைவது பையன்கள். கரிசல் பறவைகளைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதப்பட்ட இன்னொரு கதை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வருடமும் களப்பயணத்துக்கு முன்னால் அதை வாசிக்கச் சொல்கிறேன். “நாங்களும் அலைஞ்சிருந்தா முட்டையை எடுத்திருக்க மாட்டோம் மேம்” என்று ஒருத்தி சொன்னாள். எடுத்திருப்போம் என்றாள் இன்னொருத்தி. இரண்டாமவள் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தியாவில் பறவைகளுக்காகவே அலைந்த பெண்கள் இல்லாமலில்லை. ராஞ்சியில் இருந்துகொண்டு, பள்ளிப் படிப்பைத் தாண்டாமல், நாற்பதுகளின் கடைசியிலிருந்து பறவைகளைப் பற்றி ஆய்விதழ்களில் எழுதிய ஜமால் ஆரா அவர்களில் ஒருவர். சிறுவர்களுக்காக அவர் எழுதிய பறவை நூலை நேஷனல் புக் டிரஸ்ட் 1970இல் வெளியிட்டது. பிறகு மெல்ல மறக்கப்பட்டார். தில்லிப் பறவைகளைப் பற்றி உஷா கங்குலி எழுதிய கையேடு அவர் இறந்த பிறகு 1975இல்தான் அச்சானது. சலீம் அலியின் ஆய்வுப் பயணங்களில் கூடவே முகாம்களில் தங்கியவர் அவர் மனைவி தெஹ்மினா, 1939இல் இறந்துபோனார். சலீம் அலியைத் தெரிந்த என் மாணவிகளில் ஒருத்திக்கும் இந்த மூன்று பெயர்களில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை. நானே முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்துகொண்டேன்.

பயணங்களைப் பற்றி நடைமுறையாக ஒன்று சொல்ல வேண்டும். எந்த இடத்துக்குப் போகலாம் என்று திட்டம் போடும்போது நான் முதலில் விசாரிப்பது பறவையை இல்லை, கழிப்பறையை. கரிசலில் மறைவு கிடையாது. சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் முள்ளும் பாம்பும். பயணம் என்றால் முதல்நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினொரு மணி வெயிலில் ஒருத்தி மயங்கி விழுந்த பிறகுதான் எனக்கு அது தெரிந்தது. பறவை பார்த்தல் பற்றிய கையேடுகள் பச்சை நிறச் சட்டை போடச் சொல்லும், தொப்பி வைக்கச் சொல்லும். இதை எழுதிய கையேட்டை நான் பார்க்கவில்லை. களை எடுக்கும் பெண்களும் இப்படித்தான் அடக்கிக்கொண்டு வேலை செய்கிறார்கள் என்பதையும் அன்று தூக்கிவிட வந்த அவர்களே சொன்னார்கள்.

குருமலைப் பயணத்தில் இன்னொரு பறவையையும் பார்த்தோம். உளுந்தங்காட்டுக்கு மேல் ஆளுயரத்தில், சிறகை லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு, காட்டையே தடவிக்கொண்டு போவது போலப் பறந்தது. பூனைப்பருந்து. கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் பிறந்து, ஐப்பசி கார்த்திகையில் இங்கே வந்து, வெட்டுக்கிளி தின்று, பங்குனியில் திரும்பிவிடும். மரத்தில் அடையாது. தரையில், புல்லுக்குள், கூட்டமாக அடையும். அது அடையும் புல்வெளியை அரசாங்கக் கணக்கில் ‘தரிசு’ என்பார்கள். தொண்ணூறுகளிலிருந்து கயத்தாறு பக்கம் காற்றாலைகள் எழுந்தன, இப்போது சூரிய மின்தகடுகள். தரிசுதானே, யாருக்கு என்ன நட்டம் என்பதுதான் வாதம். மண்ணையும் பெண்ணையும் ஒரே சொல்லால் மலடு என்று ஒதுக்கிப் பழகிய மொழி நம்முடையது. பிள்ளை பெறாதவளும், புருஷன் செத்தவளும், ஆந்தையும் எதிரே வரக்கூடாது என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்களை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன்.

அடுத்த மாதம் கழுகுமலை போனோம். கோவில்பட்டியிலிருந்து அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பஸ் பயணம். வெட்டுவான் கோயிலைப் பார்க்கத்தான் எல்லோரும் வருகிறார்கள். நாங்கள் கழுகைப் பார்க்க வந்திருக்கிறோம் என்றபோது கீழே கடைக்காரர் சிரித்தார். பிணந்தின்னிக் கழுகைப் ‘பாறு’ என்பதுதான் பழைய சொல். கழுகு என்றால் வேட்டையாடும் பறவை. ஊர் வழக்கில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. மலைப்பாறைகளில் அவை அடைந்திருந்த காலத்தின் மிச்சம்தான் ஊர்ப்பெயரில் இருக்கிறது என்று நினைக்கிறேன். மாடுகளுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. 1992க்கும் 2007க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மறைந்துவிட்டன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குக் கீழே மாயாற்றுப் பள்ளத்தாக்குக்குப் போக வேண்டும். கழுகுமலையில் அன்று நாங்கள் பார்த்தது ஒரு கரும்பருந்து, மாடப்புறாக்கள், மயில்கள். எங்கு பார்த்தாலும் மயில்கள்.

சமணப் படுகைப் பாறையில் வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். ஒவ்வொரு உருவத்துக்கும் கீழே, அதைச் செய்வித்தவர் யார், யாருடைய மாணாக்கர் என்று வட்டெழுத்தில் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயர்களில் குரத்திகளும் இருக்கிறார்கள். குரவர் என்பதன் பெண்பால். கல்வி புகட்டிய பெண் துறவிகள். திருச்சாரணத்துக் குரத்திகள், மிழலூர்க் குரத்தியார் என்று ஊரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறவர்கள். ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னால், இந்தப் பாறைக்குப் பெண் ஆசிரியர்களின் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது. அன்று ஊர் ஊராக நடந்துதான் வந்திருப்பார்கள். ‘நோக்கம்’ கட்டம் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். பறவை கிடைக்காத அந்தப் பயணத்தில்தான் பிள்ளைகள் அதிகநேரம் நின்று பார்த்தார்கள்.

தை மாதம் நீர்நிலைகள். கோவில்பட்டிப் பக்கம் கண்மாய் என்கிறோம், தெற்கே போகப் போகக் குளம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துவது. தன்னார்வலர்களைக் குழுவாகப் பிரித்துக் குளங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் போன வருடம் எங்களுக்குக் கிடைத்த குளத்தில், நூற்றுக்கணக்கான வாத்துகளைப் பத்துப் பத்தாக மனத்தில் கட்டி எண்ணக் கற்றுக்கொண்டோம். தீப்பெட்டி ஆபீசில் குரோஸ் கணக்கில் எண்ணிப் பழகிய ஒருத்தி எங்கள் எல்லோரையும்விட வேகமாக எண்ணினாள்.

திரும்பும் வழியில் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் மரங்களில் கூழைக்கடாக்களும் சங்குவளை நாரைகளும் கூடு கட்டுகின்றன. எச்சத்தின் வீச்சத்தோடுதான் ஊர் சமைக்கிறது, துணி காயப்போடுகிறது. அந்தத் துணியை மறுபடி துவைப்பது யார் என்பதை எந்தச் சரணாலயப் பலகையும் சொல்லாது. கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளைத் தாய்ப்பறவை திரும்பப் பார்க்காது. அவற்றை எடுத்து மீன் ஊட்டி வளர்த்து விட்டவர் என்று பால்பாண்டி புகழ்பெற்றார். பறவை மனிதர் என்று அவரைச் சொல்வார்கள், உரிய புகழ்தான். அந்தக் குஞ்சுகளை அவரோடு சேர்ந்து வளர்த்தவர் அவர் மனைவி வள்ளித்தாய். அவருக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் கிடைக்கவில்லை. பிள்ளை வளர்ப்பது போலத்தானே என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

கடைசிப் பயணம் கடற்கரை. வேம்பாரிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உப்பளங்கள். ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு உப்பளத்தைத் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. வெயில் ஏறியதும் பாத்தி வெள்ளை கண்ணைக் குத்தியபோது எல்லோரும் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். பூநாரைகள் தூரத்துப் பாத்தியில் நின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் வைத்து அரித்துத் தின்கிற பறவை அது. உப்பு நீரின் பாசியிலும் நுண்ணுயிரிலும் இருக்கிற நிறமிதான் அதன் சிறகில் இளஞ்சிவப்பாக ஏறுகிறது. பக்கத்துக் கரையில் கொசு உள்ளான்கள் ஓடிக்கொண்டிருந்தன, வடதுருவத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தவை.

உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்து, காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துக் கட்டினார். பைனாகுலரை நீட்டினோம். கண்ணில் வைத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பூநாரைகள் எந்த மழைக்குப் பிறகு வரும், எந்தப் பாத்தியில் முதலில் இறங்கும், தண்ணீர் எவ்வளவு கெட்டியானால் அடுத்த பாத்திக்கு மாறும் என்று சொல்லிக்கொண்டே போனார். செயலிக்காரப் பெண் வேகமாக எழுதினாள். இணையத்தில் பறவைப் பட்டியல் ஏற்றும்போது ‘பார்த்தவர்கள்’ என்ற இடத்தில் பெயர்களைச் சேர்க்கலாம். “அக்கா, உங்க பேரையும் போடட்டுமா?” என்று கேட்டாள்.

“எனக்குப் போனு கிடையாதே” என்றார் அவர்.

போன் இல்லாமல் அந்தக் கணக்கில் சேர முடியாது என்பது உண்மைதான். மாணவி நோட்டையும் பேனாவையும் அவரிடமே கொடுத்தாள். உப்பு அரித்த விரல்களால் பேனாவைப் பிடித்து, எங்கள் பதினெட்டுப் பெயருக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. அந்தப் பெயரைப் புத்தகத்தில் போடலாமா என்று அன்றைக்குக் கேட்க மறந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதவில்லை. மாசியில் மறுபடி அந்தப் பக்கம் போகிறோம்.